மிளகு துள்ளுகிறாள், தையல் இன்னும் ஆறவில்லை

கேள்வி: ஏற்காட்டில் ஒண்டிக்கடைக்குச் சற்றுத் தள்ளி ஒரு காப்பித் தோட்டக் குடியிருப்பில் இருக்கிறோம். எங்கள் நாட்டு நாய் மிளகுக்கு இரண்டு வயது. ஐந்து நாளைக்கு முன் சேலத்துக்குக் கூட்டிப்போய் கு.க. (குடும்பக் கட்டுப்பாடு) ஆபரேஷன் செய்தோம். முதல் இரண்டு நாள் மூலையில் சுருண்டு கிடந்தாள். இப்போது துள்ளுகிறாள், பூனையைப் பார்த்தால் பாய்கிறாள். கழுத்தில் மாட்டிய கூம்பைக் கழற்றச் சொல்கிறார் மாமியார். "நாய் நக்கினால்தானே புண் ஆறும்" என்கிறார். மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவலாமா? தையலுக்குப் பக்கத்தில் நெல்லிக்காய் அளவுக்கு மெத்தென்று ஒரு வீக்கம் இருக்கிறது. இதற்காக மறுபடியும் மலை இறங்க வேண்டுமா? வாயில்லா ஜீவனை வதைத்துவிட்டோமோ என்று மனசு அடித்துக்கொள்கிறது.
ஒரு வாசகி, ஏற்காடு

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த வீக்கம். தொட்டால் சுடாமல், சிவக்காமல், மிளகும் வலியில் சிணுங்காமல் இருந்தால் அது பெரும்பாலும் தோலுக்கடியில் சேர்ந்த நீர்தான். அதிகமாக ஓடியாடும் நாய்களுக்கு இப்படிச் சேரும். அடங்கி இருந்தால் ஒன்றிரண்டு வாரத்தில் தானே வற்றிவிடும். ஆனால் உள்தையல் விட்டு, வயிற்றுக்குள் இருப்பது பிதுங்கினாலும் வெளியே மெத்தென்றுதான் தெரியும். கடிதத்தை வைத்து இரண்டையும் பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. நீங்களும் அமுக்கிப் பார்க்க வேண்டாம். இன்றே நல்ல வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்து, ஆபரேஷன் செய்த டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுப் போனில் பேசுங்கள். நாளைக் காலையும் அதே இடத்தில், அதே மாதிரி படுக்கவைத்து இன்னொரு போட்டோ எடுங்கள். தினமும் பார்க்கிற கண்ணுக்கு மாற்றம் தெரியாது, போட்டோவில் தெரிந்துவிடும்.

வீக்கம் பெரிதாகிக்கொண்டே போனாலோ, சீழோ ரத்தமோ கசிந்தாலோ, கெட்ட வாடை வந்தாலோ, தையல் வாய் பிளந்தாலோ யாரையும் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள், உடனே மலை இறங்குங்கள். உதட்டைத் தூக்கி ஈறையும் பாருங்கள். ரோஸ் நிறத்தில் இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். (மிளகு பெயருக்கேற்ற கறுப்பு என்றால் ஈறும் கறுத்திருக்கலாம், அப்போது நாக்கைப் பாருங்கள்.) வெளுத்துப்போய், நாயும் துவண்டு கிடந்தால் உள்ளே ரத்தம் கசியலாம். அது ராத்திரியானாலும் காத்திருக்கக் கூடாத விஷயம். ஒரு நாளுக்கு மேல் சாப்பிடாமல் இருப்பது, திரும்பத் திரும்ப வாந்தி, 103 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல், இவற்றுக்கும் அன்றே டாக்டரிடம் போக வேண்டும். நாய்க்கு 101, 102 என்பது சாதாரணச் சூடு, அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள்.

இப்போது துள்ளலுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது இதுதான். முதல் இரண்டு நாள் மயக்க மருந்தும் வலியுமாக நாயே அடங்கிக் கிடக்கும். நமக்கு வேலை தொடங்குவது நாலாம், ஐந்தாம் நாளில். வலி குறைந்ததும் தனக்கு எல்லாம் சரியாகிவிட்டது என்று நாய் நினைத்துக்கொள்ளும். வெளியே தெரிகிற தையலுக்கு அடியில் வயிற்றுச் சதையை இழுத்துத் தைத்த தையல் ஒன்று இருக்கிறது. கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்த இடத்தில் ரத்தக் குழாய்களைக் கட்டிய முடிச்சுகள் இருக்கின்றன. இதெல்லாம் தாவிக் குதிக்கிற அளவுக்கு ஐந்து நாளில் பலப்படாது. பத்திலிருந்து பதினான்கு நாள் அடக்கி வைக்கச் சொல்வது அதனால்தான்.

கூம்பைக் கழற்றினால் என்ன ஆகும் என்பதை, என் வீட்டு நாய்க்கு இதே ஆபரேஷன் ஆனபோது பார்த்திருக்கிறேன். ஆறாம் நாள் இரவு, கூம்போடு சுவரில் முட்டி முட்டி நின்றவளைப் பார்க்கப் பொறுக்காமல் ஒரு ராத்திரி மட்டும் என்று கழற்றி வைத்தேன். விடியற்காலையில் மூன்று தையலைக் கடித்துப் பிரித்திருந்தாள். மறுபடி மயக்க ஊசி, மறுபடி தையல், முதலிலிருந்து பதினான்கு நாள். என் இரக்கத்துக்கு அவள் பட்ட பாடு அது. உங்கள் மாமியாரின் மனசு எனக்குப் புரிகிறது என்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

நாய் நக்கினால் புண் ஆறும் என்பது நம் வீடுகளில் காலம்காலமாகச் சொல்வதுதான். ஆனால் நாயின் வாயில் இருக்கிற கிருமி தையல் வழியாக உள்ளே போனால் சீழ் பிடிக்கும். சொரசொரப்பான நாக்கு ஆறிவரும் தோலை உரித்துவிடும், அப்புறம் முன்பல்லால் நூலைக் கவ்வும். கூம்பு மூக்கின் நுனியைத் தாண்டி இரண்டு விரற்கடை நீண்டிருக்க வேண்டும், குட்டையாக இருந்தால் பயனில்லை. சாப்பிடும்போது மட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கழற்றுங்கள். ரொம்பவே முரண்டு பிடித்தால் டாக்டரைக் கேட்டுக்கொண்டு, பையனுடைய பழைய பருத்தி பனியனை வயிறு மூடும்படி மாட்டி முதுகில் முடிச்சுப் போடலாம். நனைந்தால் உடனே மாற்ற வேண்டும். உங்கள் ஊர் ஈரத்தில் ஒன்றுக்கு மூன்று பனியனாகத் துவைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மஞ்சள், வேப்பெண்ணெய் இரண்டும் வேண்டாம். மஞ்சள் பூசினால் தோல் சிவந்திருக்கிறதா, கசிகிறதா என்பதே தெரியாது. எண்ணெய்ப் பிசுக்கில் மண் ஒட்டும், அதைச் சுத்தம் செய்ய அவள் இன்னும் நக்கத்தான் பார்ப்பாள். டாக்டர் கொடுத்ததைத் தவிர எதுவும் தையல் மேல் படக் கூடாது. ஈ உட்கார விடாதீர்கள், ஒரே நாளில் புழு வைத்துவிடும். பகலில் வீட்டுக்குள் கொசுவலை போட்டுப் படுக்க வையுங்கள்.

வலி மாத்திரையை, துள்ளுகிறாளே என்று பாதியில் நிறுத்தாதீர்கள். சொன்ன நாள் வரை, சோற்றோடு கொடுங்கள். வாந்தியோ கறுத்த மலமோ தெரிந்தால் மட்டும் நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். வீட்டில் நமக்கு இருக்கிற பாராசிட்டமால், புரூஃபென், டைக்லோஃபெனாக் எதையும் கொடுத்துவிடாதீர்கள். நாயின் ஈரலையும் சிறுநீரகத்தையும் கெடுத்து உயிரையே எடுக்கும்.

தோட்டத்தில் அவிழ்த்துவிட்டே பழக்கம் இருக்கும். இன்னும் பத்து நாள் கயிறு இல்லாமல் வாசல் தாண்டக் கூடாது. ஒரு நாளைக்கு நாலு முறை, ஐந்து பத்து நிமிடம், ஒன்றுக்கு இரண்டுக்குப் போய்வந்தால் போதும். படியில் தூக்கிக்கொண்டு போங்கள். ஒரு கை நெஞ்சுக்கு அடியில், இன்னொரு கை பின்தொடைக்குப் பின்னால், வயிற்றில் கை படாமல். ராத்திரி காட்டுமாடு வந்து இவள் குரைத்துப் பாய்வாள் என்றால் உங்கள் அறையிலேயே படுக்க வையுங்கள். மயிர் மழித்த வயிறு, உங்கள் ஊர்க் குளிர் தாங்காது. தரையில் சாக்கு விரித்து, மேலே துவைத்த போர்வை போடுங்கள். ஆண் நாய்களையும் கொஞ்ச நாள் அண்ட விடாதீர்கள். சமீபத்தில் பருவத்துக்கு வந்திருந்தால் அந்த வாடை இன்னும் இருக்கும், மேலே ஏறினால் தையலுக்கு ஆபத்து.

வதைத்துவிட்டோமோ என்கிறீர்கள். கருப்பையில் சீழ் கட்டிய பெட்டை நாயை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். பருவம் முடிந்து ஓரிரு மாதத்தில் வரும். தண்ணீராகக் குடிக்கும், சோறு இறங்காது, வயிறு உப்பும். அந்த நிலையில் செய்யும் ஆபரேஷன், நீங்கள் செய்ததைப்போலப் பல மடங்கு கஷ்டம், பிழைக்கும் என்ற உறுதியும் இல்லை. மிளகுக்கு அந்த நோய் வராது. வருஷத்துக்கு இரண்டு ஈற்றுப் போட்டு, பெட்டைக் குட்டிகளை வாங்க ஆளில்லாமல் நீங்கள் வீடு வீடாக அலையப்போவதும் இல்லை. அவளுக்கு நல்லதைத்தான் செய்திருக்கிறீர்கள்.

தையல் பிரிக்க எப்படியும் இறங்கத்தான் வேண்டும். இருபது கொண்டை ஊசி வளைவு, அதனால் புறப்படுவதற்கு நாலு மணி நேரம் முன்பே கொஞ்சமாகச் சோறு வைத்துவிடுங்கள். வழியில் வாந்தி எடுத்தால் வயிறு இழுபடும். ஸ்கூட்டர் வேண்டாம், காரோ ஆட்டோவோ பிடித்து, தரையில் போர்வை விரித்து அவளைப் பக்கத்தில் அணைத்துக்கொண்டு உட்காருங்கள். தையல் பிரித்த அன்றைக்கே குளிப்பாட்ட வேண்டாம், இரண்டு நாள் கழித்து வெந்நீர் கலந்து ஊற்றுங்கள். அதற்கடுத்த வாரம் முதலில் கயிற்றோடு தோட்டத்தைச் சுற்றிவரட்டும், அப்புறம் அவிழ்த்துவிடுங்கள்.