பின்வரிசையில் ஆடிய பையன் இயக்குநரான கதை: ஸ்டான்லி டோனன் பற்றிச் சேலம் நண்பர்களின் கேள்விகள்

அம்மாப்பேட்டையில் நடன வகுப்பு நடத்துகிறேன். பழைய ஹாலிவுட் ஆட்டப் படங்களைப் பற்றி என்னிடம் கேட்பவர்கள் பலர். இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே டோனனைப் பற்றி.

கேள்வி (அஸ்தம்பட்டி, கல்லூரி மாணவி): யார் சார் இந்த டோனன்?

பேர் தெரியாவிட்டாலும் அவருடைய மழைப்பாட்டைப் பார்த்திருப்பாய் அம்மா. குடையை மடக்கிக்கொண்டு விளக்குக் கம்பத்தில் ஏறி நின்று ஒருவர் பாடுவாரே, அதுதான். 1952ல் வந்த ‘சிங்கிங் இன் த ரெய்ன்’. ஆடியவர் ஜீன் கெல்லி. இயக்கியது கெல்லியும் டோனனும் சேர்ந்து. டோனன் 1924ல் அமெரிக்காவின் தெற்கு கரோலினாவில் பிறந்தவர். ஒன்பது வயதில் பிரெட் அஸ்டயர் ஆடிய படத்தைப் பார்த்ததிலிருந்து ஆட்டத்தைத் தவிர வேறு நினைப்பில்லை.

கேள்வி (ஓமலூர், குரூப் டான்சர்): எங்களை எல்லாம் யாரும் பேர் சொல்லிக்கூடக் கூப்பிடுவதில்லை அண்ணா. அவர் மட்டும் எப்படி மேலே வந்தார்?

அவரும் உன்னைப் போலத்தான் தம்பி. 16 வயதில் நியூயார்க் போய் ‘பால் ஜோயி’ என்ற மேடை நாடகத்தின் கோரஸில், அதாவது பின்வரிசைக் கூட்டத்தில், ஆடினார். அதில் நாயகன் கெல்லி. அடுத்த நாடகத்தில் கெல்லி நடனம் அமைத்தபோது இவரை உதவிக்கு வைத்துக்கொண்டார். பிறகு இருவரும் ஹாலிவுட்டில் சந்தித்தார்கள்.

1944ல் ‘கவர் கேர்ள்’ படம். கெல்லி தன் நிழலுருவத்தோடு தானே போட்டி போட்டு ஆட வேண்டும். யோசனை டோனனுடையது. படத்தின் இயக்குநருக்கு நம்பிக்கை வராததால் அந்தக் காட்சியை டோனனே எடுத்தார். ஒரே ஆட்டத்தை இரண்டு தடவை படம்பிடித்து ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்க்க வேண்டும். கம்ப்யூட்டர் கிடையாது. ஆடுபவரும் கேமராவும் இரண்டாவது தடவையும் அதே இடத்துக்கு அதே கணக்கில் வந்து சேர வேண்டும். ஆட்டக்காரனுக்குத்தான் அந்தக் கணக்கு உடம்பிலேயே இருக்கும். இதை நான் ரொம்ப உறுதியாக நம்புகிறேன்: பின்வரிசையில் நிற்பவனுக்கு முன்வரிசை முழுவதும் தெரியும். யார் எங்கே நகர்கிறார்கள் என்று நீ தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறாயே, அதுவே இயக்குநருக்கான பாடம். கெல்லியோடு சேர்ந்து அவர் இயக்கிய முதல் படம் ‘ஆன் த டவுன்’ 1949ல் வெளியானபோது டோனனுக்கு வயது 25.

கேள்வி (சூரமங்கலம்): அஸ்டயர் சுவரிலும் கூரையிலும் ஆடுகிறாரே, கம்பி கட்டியா?

கம்பியே இல்லை! 1951ல் டோனன் தனியாக இயக்கிய ‘ராயல் வெட்டிங்’ அது. அறையை ஒரு பெரிய உருளைக்குள் கட்டினார்கள். ஆடித் திருவிழாப் பொருட்காட்சியில் ராட்டினம் சுற்றுமே, அப்படி அறை முழுசும் சுற்றும். நாற்காலி, மேஜை, படம் எல்லாம் இறுக்கிப் பொருத்தியிருக்கும். கேமராவும் கேமராமேனும் அந்த அறையோடு கட்டப்பட்டுச் சேர்ந்தே சுற்றுவார்கள். அதனால் நம் கண்ணுக்கு அறை அசையாது, ஆள் மட்டும் சுவர் ஏறுவார். உண்மையில் அஸ்டயர் எப்போதும் கீழே இருக்கிற பக்கத்தில்தான் ஆடுகிறார். ஒவ்வொரு அடியும் அறை சரியும் நொடியோடு ஒத்துப்போக வேண்டும். என் மாணவர்களுக்கு இதை எத்தனை முறை போட்டுக் காட்டியிருப்பேன், எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

கேள்வி (ஆத்தூர்): மழை தெரிவதற்காகப் பால் கலந்தார்களாமே?

இல்லை, தண்ணீர்தான். பின்னாலிருந்து வெளிச்சம் அடித்தால் மழை தெரியும். அன்று கெல்லிக்கு 103 டிகிரி காய்ச்சல் என்பது மட்டும் நிஜம்.

கேள்வி (ஏற்காடு, ஓய்வுபெற்ற ஆசிரியர்): புகழ் கெல்லிக்குத்தானே போக வேண்டும்?

கெல்லி இல்லாமல் அந்தப் படங்கள் இல்லை ஐயா, அதில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் இருவரும் 1955ல் கடைசியாக ஒரு படம் எடுத்துவிட்டுப் பிரிந்தார்கள். அதற்கு முன்பும் பின்பும் டோனன் தனியாக எடுத்தவற்றைப் பாருங்கள். 1954ல் ஏழு அண்ணன் தம்பிகளை வைத்து எடுத்த ‘செவன் பிரைட்ஸ் ஃபார் செவன் பிரதர்ஸ்’ படத்தில், களஞ்சியம் கட்டும் இடத்தில் பலகை மேலேயே ஆடுவார்கள். நடன அமைப்பு மைக்கேல் கிட். அகலத் திரையில் அத்தனை பேரையும் தலை முதல் கால் வரை காட்டியது டோனன். 1963ல் ‘சாரேட்’ என்ற திரில்லர். ஆட்டப் படமே இல்லை, ஆனாலும் அதில் தாளம் இருக்கிறது.

கேள்வி (கன்னங்குறிச்சி): நம் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸும் டோனன் வேலை பார்த்த ஹாலிவுட் ஸ்டுடியோ மாதிரிதானா?

வேலைமுறை அதேதான். ஒரே வளாகம், மாதச் சம்பள ஆட்கள், மேலே ஒரு முதலாளி. டோனனுக்கு எம்.ஜி.எம்.; இங்கே டி.ஆர்.சுந்தரம். 1950ல் வந்த ‘மந்திரி குமாரி’யை அவரோடு சேர்ந்து இயக்கிய எல்லிஸ் ஆர்.டங்கன் அமெரிக்கர்தான். ஏற்காடு சாலையில் மிஞ்சியிருக்கும் அந்த ஸ்டுடியோவின் நுழைவாயில் வளைவைத் தாண்டும்போதெல்லாம், உள்ளே சம்பளத்துக்கு ஆடிய குரூப் டான்சர்களின் பெயர்களை யாராவது எழுதி வைத்திருக்கக் கூடாதா என்று தோன்றும்.

கேள்வி (அஸ்தம்பட்டி, அதே மாணவி): ஆஸ்கர் வாங்கினாரா சார்?

போட்டிப் பிரிவில் ஒரு பரிந்துரைகூட இல்லை. எனக்கு அது இன்றும் ஆறாத வருத்தம். 1998ல் கௌரவ ஆஸ்கர் கொடுத்தார்கள். 73 வயதில் மேடையேறி, சிலையைக் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்துப் பாடிக்கொண்டே ஆடினார். 2019ல், 94 வயதில் காலமானார். அந்த மேடைக் காட்சி கிடைத்தால் அவருடைய கால்களைப் பார் அம்மா.