அடோபோவுக்கு அளவு கிடையாது: சமையல் கேள்வி – பதில்

(பிலிப்பைன்ஸின் பத்தாங்காஸ் மாகாணத்தில் வாழ்க்கைப்பட்டுப் போன நம் அக்கா, அந்த ஊர்ச் சமையல் பற்றி இந்த மாதம் வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

என் மகள் பிலிப்பைன்ஸின் தவாவோ நகரில் மருத்துவம் படிக்கிறாள். லீவுக்கு வந்தால் ‘அடோபோ செஞ்சு குடும்மா’ என்கிறாள். வீடியோ பார்த்துச் செய்தேன், வீடெல்லாம் வினிகர் நெடி. அவள் அப்பா தட்டை விட்டே எழுந்துவிட்டார். எங்கே தப்பு அக்கா?
– வாசகி, நாமக்கல்

அடோபோ என்பது வினிகரில் இறைச்சியை வேகவைக்கிற கறி. உங்கள் கைமணத்தில் குறையில்லை, வினிகரில்தான் சிக்கல். நம் கடைகளில் கிடைக்கும் வெள்ளை வினிகர் பெரும்பாலும் செயற்கை, சுள்ளென்று ஏறும். அங்கே வீடுகளில் புழங்குவது கரும்புச்சாற்றிலிருந்தும் தென்னங்கள்ளிலிருந்தும் எடுக்கிற வினிகர், அதில் புளிப்போடு லேசான இனிப்பும் இருக்கும். இலங்கையில் இருக்கிற வாசகர்களுக்குக் கவலையே இல்லை, தேங்காய் வினிகர் பக்கத்துக் கடையிலேயே கிடைக்கும். மற்றவர்கள் வெள்ளை வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, ஒரு சிட்டிகை வெல்லமும் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு கிலோ கோழிக்கு இந்தக் கலவை அரை கப், சோயா சாஸ் அதைவிடக் கொஞ்சம் குறைவாக, ஒரு முழுப்பூண்டு தட்டியது, ஒரு ஸ்பூன் முழு மிளகு, லாரல் இலை இரண்டு மூன்று. லாரல் கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள், நம் பிரிஞ்சி இலையின் பட்டை வாசம் இதோடு ஒட்டாது. எல்லாம் போட்டு ஒரு கப் தண்ணீரும் ஊற்றி அடுப்பில் வைத்த பிறகு மூடாதீர்கள், கரண்டியும் போடாதீர்கள். வினிகர் நன்றாகக் கொதித்து அந்த முதல் காரமான ஆவி போகிறவரை கிளறக்கூடாது என்பது அங்கே பாட்டிமார் எல்லாரும் சொல்வது. கறி வெந்ததும் துண்டுகளை மட்டும் எடுத்து எண்ணெயில் சிவக்கப் புரட்டி, சாறை வற்றவைத்து மேலே ஊற்றுங்கள். மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும்.

அப்புறம், உங்கள் வீட்டுக்காரருக்கென்று ஒரு வழி இருக்கிறது. என் மாமியார் சோயா சாஸைத் தொடவே மாட்டார், பச்சை மஞ்சளை நசுக்கிப் போட்டு மஞ்சள் அடோபோதான் வைப்பார், பத்தாங்காஸில் தால் ஊர்ப்பக்கம் அதுதான் வழக்கம். என் ஓரகத்தி அதே நாட்டின் பீக்கோல் வட்டாரத்துப் பெண், கடைசியில் தேங்காய்ப்பால் ஊற்றாமல் இறக்கமாட்டாள். இரண்டு பேரும் ஒரே அடுப்படியில் நிற்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வெங்காயம் உரிக்கப் போய்விடுவேன். எது அசல் என்று கேட்டால், வினிகரிலும் உப்பிலும் இறைச்சியை வேகவைத்துக் கெடாமல் வைக்கிற வழக்கம் ஸ்பானியர் வருவதற்கு முன்பே அங்கே இருந்தது. அதற்கு இந்தப் பெயரை வைத்து 1613ல் அச்சான, அந்த ஊர் மொழியான தகாலோக்கின் அகராதியில் ஏற்றியது ஒரு ஸ்பானியப் பாதிரியார். சோயா சாஸ் சீனர்கள் வழி வந்து சேர்ந்தது. ஆக, மாமியார் கட்சிக்கு வாதம் கொஞ்சம் பலமாகவே இருக்கிறது, ஓரகத்தியிடம் சொல்லிவிடாதீர்கள்.

சினிகாங் என்கிறார்களே, படத்தில் பார்த்தால் நம் புளிரசத்தில் மீன் போட்ட மாதிரி இருக்கிறது. அதுக்கு எதுக்கு இத்தனை பெருமை?
– வாசகர், காரைக்கால்

செய்து பார்க்காமல் கேட்கிறீர்கள் என்று தெரிகிறது! இதில் பருப்பு இல்லை, தாளிப்பு இல்லை, பொடி இல்லை. கடுகும் பெருங்காயமும் போட்டீர்களோ அது ரசமாகிவிடும், அப்புறம் என்னைக் குறை சொல்லக்கூடாது.

அவர்கள் எடுப்பது பழம்புளி இல்லை, பச்சைப் புளியங்காய். வேகவைத்து மசித்து, வடிகட்டி ஊற்றுவார்கள். பழம்புளியில் நிறமும் கருத்து, ஒரு இனிப்பும் வந்துவிடும். புளியங்காய் கிடைக்காத நாளில் பிலிம்பிக்காய், மாங்காய், கொய்யா என்று கையில் அகப்பட்ட புளிப்பு எதுவானாலும் சரி. கொய்யாப்பழம் போட்ட சினிகாங்கின் வாசம் தெரு முனைக்கு வரும். ஆக, உங்கள் கொல்லையில் என்ன காய்க்கிறதோ அதுதான் உங்கள் வீட்டு சினிகாங்.

சாறுக்குத் தண்ணீர் ஊற்றாமல், அரிசியை இரண்டாம் முறை களைந்த தண்ணீரை ஊற்றுவது அங்கே பழக்கம். நம் ஊரில் புளிக்குழம்புக்கு ஊற்றுகிறவர்களுக்கு இது புதிதல்ல, சாறு லேசாகத் திரண்டு நாக்கில் ஒட்டும். அதில் வெங்காயம், தக்காளி, முள்ளங்கி, ஒரு சேப்பங்கிழங்கு முதலில். கிழங்கு கரைந்து சாறை இன்னும் கெட்டியாக்கும். பிறகு காராமணி, கத்தரி, வெண்டை, நீண்ட பச்சைமிளகாய். மீனோ இறாலோ கடைசியில், ரொம்ப நேரம் கொதிக்கவிடாதீர்கள். அடுப்பை அணைத்துவிட்டு ஒரு பிடி வள்ளல்கீரையைப் போட்டு மூடினால் போதும். உப்புக்கு மீன் சாஸ். சின்னக் கிண்ணத்தில் மீன் சாஸும் நசுக்கிய மிளகாயும் வைத்துவிட்டால் அவரவர் காரத்தை அவரவர் பார்த்துக்கொள்வார்கள், சமைத்தவள் தலையில் விழாது.

புதுமை வேண்டுமா, தர்பூசணி போடுங்கள். சிரிக்காதீர்கள், மணிலா உணவகங்களில் மாட்டுக்கறி சினிகாங்கில் தர்பூசணி போட்டுப் பிரபலமாகிவிட்டது. புளியின் கூர்மையை அந்த இனிப்பு கொஞ்சம் மழுக்கும். எங்கள் வீட்டில் மாமனார் மட்டும் இன்றுவரை அந்தத் துண்டுகளைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைக்கிறார்.

நாங்கள் சைவம். மீன் சாஸ், இறால் விழுது இல்லாமல் எங்களால் எதையாவது செய்யமுடியுமா?
– வாசகி, கும்பகோணம்

முடியும். ஆனால் எல்லாவற்றையும் மாற்றிச் செய்ய முயலாதீர்கள், ஏற்கெனவே பாதி சைவமாக இருப்பதை எடுங்கள். பூசணியும் காராமணியும் தேங்காய்ப்பாலில் வேகவைத்தது, முருங்கைக்கீரை போட்ட பாசிப்பயறு (தவக்கால வெள்ளிக்கிழமைகளில் அங்கே எல்லார் வீட்டிலும் வேகும்), இரண்டிலும் மீன் சாஸுக்குப் பதில் உப்பு போட்டால் தீர்ந்தது.

கொஞ்சம் துணிச்சல் இருந்தால் காரே-காரே. வறுத்து அரைத்த வேர்க்கடலை, சிவக்க வறுத்துப் பொடித்த அரிசி, இவற்றில் கெட்டியான குழம்பு. அங்கே மாட்டு வால் போடுவார்கள், நீங்கள் வாழைப்பூ, கத்தரி, காராமணி போதும், அந்த மூன்றும் அசல் பாகத்திலேயே இருக்கின்றன. குழம்பில் உப்பே தெரியாது, பக்கத்தில் வைக்கிற இறால் விழுதுதான் உப்பு. அதற்கு நான் சொல்வது உப்பு நார்த்தங்காய், பொடியாக நறுக்கி.

இந்தக் குழம்பில் நம் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு என்று ஒரு கதை. 1762ல் ஆங்கிலேயர் மணிலாவைப் பிடித்தது சென்னையிலிருந்து கப்பலேறிப்போன படையோடு. 1764ல் அவர்கள் திரும்பியபோது சிப்பாய்கள் சிலர் வராமல் மணிலாவுக்குப் பக்கத்தில் காய்ந்தா என்ற ஊரில் தங்கிவிட்டார்கள். ஊர் நினைவுக்கு அவர்கள் வைத்த கறிதான் இது என்பார்கள். பம்பாங்கா மாகாணத்துக்காரர்கள் இதை ஒத்துக்கொள்ளமாட்டார்கள், குழம்பு தங்களுடையது என்பார்கள். சிப்பாய்கள் தங்கியது வரலாறு, குழம்பு வெறும் செவிவழி.

பிலிப்பைன்ஸ் ஸ்பகெட்டி ஏன் இப்படி இனிக்கிறது? துபாயில் தோழி வீட்டுப் பிறந்தநாளில் சாப்பிட்டு, பிள்ளைகள் இப்போது அதையே கேட்கிறார்கள்.
– வாசகி, ஷார்ஜா

வாழைப்பழ கெச்சப்தான் காரணம். தக்காளி அரிதாக இருந்த காலத்தில், ஊரில் மலிந்துகிடந்த வாழைப்பழத்தை வைத்து இதைச் செய்தவர் மரியா ஓரோசா. தாலில் பிறந்து அமெரிக்காவில் படித்துத் திரும்பிய உணவு விஞ்ஞானி. 1945ல் மணிலாப் போரில் குண்டுச் சிதறல் பட்டு இறந்தார். எங்கள் வீட்டில் அவர் பெயரைச் சொன்னால் மாமியார் ‘எங்க ஊர்ப் பொண்ணு’ என்று நிமிர்ந்து உட்காருவார்.

ஷார்ஜாவில் பிலிப்பைன்ஸ் கடைகளிலேயே அந்த கெச்சப் பாட்டில் கிடைக்கும். அரைத்த இறைச்சி, வட்டமாக நறுக்கிய சாசேஜ், மேலே துருவிய சீஸ். இனிப்பைக் குறைக்கிறேன் என்று கிளம்பாதீர்கள், அப்புறம் பிள்ளைகள் ‘இது இல்ல’ என்பார்கள். பெரியவர்கள் தட்டில் மட்டும் மிளகுப்பொடி தூவிக்கொள்ளலாம்.

சாக்லேட் கஞ்சிக்குக் கருவாடு தொட்டுக்கொள்வார்களாமே, நிஜமா?
– வாசகர், தூத்துக்குடி

நிஜம். பேர் சம்போராதோ. ஒட்டரிசிக் கஞ்சியில் கொக்கோ வில்லையைக் கரைத்து, சர்க்கரையும் பாலும் ஊற்றி, பக்கத்தில் பொரித்த கருவாடு. தூத்துக்குடிக்காரர் நீங்கள், கருவாட்டுக்குப் பஞ்சமில்லை. மழைநாள் காலையில் செய்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.