ஆலங்குளத்து ரிவால்வர் ஆரியங்காவைத் தாண்டலாமா?

கேள்வி: எனக்கு வயது 71. ஆலங்குளம் பக்கம் அரிசி ஆலை வைத்திருக்கிறேன். வசூல் பணத்தோடு ராத்திரியில் வர வேண்டியிருந்ததால் 2012இல் .32 ரிவால்வருக்கு லைசென்ஸ் வாங்கினேன். கொடுத்தது நெல்லை கலெக்டர். கடைசியாகப் புதுப்பித்தது தென்காசியில். தமிழ்நாடு முழுவதும் செல்லும் என்று அதில் போட்டிருக்கிறது. இன்னும் ஐந்து மாதத்தில் கெடு முடிகிறது. ஆலையை இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான். நானும் வீட்டுக்காரியும் கேரளத்துப் புனலூரில் மகள் வீட்டுக்குப் பக்கத்தில் குடிபோகிறோம். லைசென்ஸ் அங்கே செல்லுமா, புதிதாக எடுக்க வேண்டுமா? துப்பாக்கியைக் காரிலேயே கொண்டுபோய்விடலாமா? இல்லை, மகனிடம் கொடுத்து வைத்துவிட்டுப் போகலாமா?

பதில்: அண்ணாச்சி, கடைசி இரண்டு கேள்விகளுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அவசரம் அவற்றில்தான் இருக்கிறது. காரில் கொண்டுபோகக் கூடாது. மகனிடம் கொடுத்துவைக்கவும் கூடாது.

வீடு மாறினால் லைசென்ஸ் செத்துப்போகாது. ஆயுதச் சட்டம் 1959 நாடு முழுமைக்கும் ஒன்றுதான். கேரளத்துக்குத் தனிச் சட்டம் கிடையாது. ஆனால் உங்கள் லைசென்ஸ் எந்த எல்லைக்குள் செல்லும் என்பது அதிலேயே எழுதியிருக்கிறது. உங்களுடையதில் தமிழ்நாடு. அப்படியென்றால் புளியரை சோதனைச் சாவடியைத் தாண்டி ஆரியங்காவு இறக்கத்தில் கார் இறங்கும்போது, டேஷ்போர்டில் இருக்கும் லைசென்ஸ் புத்தகம் பின்சீட்டில் இருக்கும் ரிவால்வரைக் காப்பாற்றாது. நிபந்தனையை மீறியதாக வழக்குப் போட்டால் 30ஆவது பிரிவு: ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். லைசென்ஸே இல்லாமல் வைத்திருந்ததாக வழக்குப் போட்டால் 25ஆவது பிரிவு. 2019 திருத்தத்துக்குப் பிறகு அதில் குறைந்தது இரண்டு ஆண்டு, அதிகபட்சம் ஐந்து ஆண்டு சிறை, கூடவே அபராதம். கெடு முடிந்த லைசென்ஸோடு மாட்டுகிறவருக்கு இந்த இரண்டாவது ஆபத்துதான் பெரிது. உங்களுக்கு ஐந்து மாதம்தான் இருக்கிறது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

மகன் விஷயம். நம் பக்கத்தில் பலரும் செய்கிற தப்பு இதுதான். “வீட்டு பீரோவில்தானே இருக்கிறது, அவன் என் மகன்தானே” என்பார்கள். லைசென்ஸ் ஆளுக்குத்தான், குடும்பத்துக்கு இல்லை. நீங்கள் புனலூரில் இருக்க, பீரோ சாவி மகன் இடுப்பில் இருந்தால், துப்பாக்கியை வைத்திருப்பவன் அவன். உங்கள் மேலும் வழக்கு வரும், அவன் மேலும் வரும்.

சரி, துப்பாக்கியை என்ன செய்வது? போலீஸ் நிலையத்திலோ, பாதுகாப்பில் வைக்க அனுமதி பெற்ற துப்பாக்கிக் கடையிலோ டெபாசிட் செய்யுங்கள். தேர்தல் நேரத்தில் கொண்டுபோய் ஒப்படைப்பீர்களே, அதே மாதிரி. அதுபாட்டுக்குப் பத்திரமாக இருக்கட்டும், காகித வேலை முடியட்டும்.

அந்தக் காகித வேலை இப்படிப் போகும். புனலூரில் குடியேறியதும் முகவரி மாற்றத்தை இரண்டு இடத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஒன்று, புது ஊருக்கு உரிய அதிகாரி. உங்களுக்குக் கொல்லம் மாவட்ட ஆட்சியர். இன்னொன்று, லைசென்ஸைக் கொடுத்த அல்லது கடைசியாகப் புதுப்பித்த அதிகாரி. குடியேறிய தேதியிலிருந்து ஒரு மாதத்தைத் தாண்ட விடாதீர்கள். பதிவுத் தபாலில் அனுப்பி ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரை வாங்குங்கள். “அலுவலகத்தில் சொல்லிவிட்டு வந்தேன்” என்பது எந்த விசாரணையிலும் நிற்காது.

நெல்லையா தென்காசியா என்ற குழப்பம் உங்களுக்கு மட்டும் இல்லை. 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டம் ஆனபோது ஆலங்குளம், சங்கரன்கோவில், செங்கோட்டை எல்லாம் அந்தப் பக்கம் போயின. அதற்கு முன் கொக்கிரகுளத்தில், அதாவது நெல்லை கலெக்டர் அலுவலகத்தில், லைசென்ஸ் வாங்கிய அந்தப் பக்கத்துக்காரர்கள் எல்லாருக்கும் இந்தக் கேள்வி வரும். கடைசியாகப் புதுப்பித்தவர்தான் கணக்கு. எனவே தென்காசிக்கு எழுதுங்கள், நகலை நெல்லைக்கும் போடுங்கள். கொல்லத்திலிருந்து சரிபார்க்கக் கேட்கும்போது பழைய கோப்பு எந்த ஊர் அலமாரியில் இருக்கிறது என்று தேடியே மாதங்கள் ஓடலாம். அதனால் 2012ஆம் ஆண்டு ஆணையின் நகலும், புதுப்பித்த பக்கங்களின் நகலும் உங்கள் கையில் இருக்கட்டும். தேசிய ஆயுத உரிமத் தரவுத்தளத்தில் உங்களுக்கென்று தனி அடையாள எண் இருக்கும், லைசென்ஸில் ‘யுஐஎன்’ என்று போட்டிருப்பார்கள். எல்லாக் கடிதத்திலும் அதைக் குறிப்பிடுங்கள். அந்த எண்ணே இல்லையென்றால், மற்றதை நிறுத்திவிட்டு முதலில் தென்காசியில் போய் அதைச் சரிசெய்யுங்கள்.

(மாநகர எல்லைக்குள் இருக்கும் பாளையங்கோட்டைக்காரர்கள், மேலப்பாளையத்துக்காரர்கள் கவனிக்க: போலீஸ் கமிஷனர் இருக்கும் பகுதியில் கலெக்டரின் இடத்தில் கமிஷனரைத்தான் சட்டம் வைத்திருக்கிறது. நீங்கள் பெங்களூருக்குக் குடிபோனாலும் அங்கே கமிஷனர் அலுவலகம்தான்.)

கெடு முடிவதைப் பற்றி. இன்னும் ஆலங்குளத்தில்தான் குடியிருக்கிறீர்கள் என்றால், கிளம்புவதற்கு முன்பே தென்காசியில் புதுப்பிக்க விண்ணப்பித்துவிடுங்கள். கெடுவுக்கு 60 நாளாவது முன்னால் விண்ணப்பம் உள்ளே போயிருக்க வேண்டும். இப்போது புதுப்பித்தால் ஐந்து ஆண்டுக்குச் செல்லும். 2019க்கு முன்பு மூன்று ஆண்டுதான். ஏற்கெனவே குடிபோய்விட்டீர்கள் என்றால், ஆலங்குளத்து முகவரியைக் காட்டிப் புதுப்பிக்க நினைக்காதீர்கள். கேஸ் புத்தகமும் ரேஷன் கார்டும் இன்னும் அங்கேதானே இருக்கின்றன என்று தோன்றும். ஆனால் போலீஸ் விசாரணைக்கு வருகிற ஏட்டு பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை கேட்டால் போதும். பொய்த் தகவல் கொடுத்தார் என்ற குறிப்பு கோப்பில் ஏறினால், லைசென்ஸை ரத்து செய்ய அது ஒன்றே காரணமாகிவிடும்.

இனி, இந்தக் கேள்வியில் எனக்கு உறுத்துகிற இடத்துக்கு வருகிறேன். எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தாலும் கொல்லத்தில் உங்களிடம் ஒரு கேள்வி கேட்பார்கள்: “இங்கே உங்களுக்குத் துப்பாக்கி எதற்கு?” ஆலங்குளத்தில் அதற்குப் பதில் இருந்தது. ஆலை, வசூல், ராத்திரிப் பயணம். தொழிலின் தன்மையால் உயிரையும் உடைமையையும் காத்துக்கொள்ள உண்மையான தேவை இருக்கிறதா என்றுதான் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளும் பார்க்கச் சொல்கின்றன. புனலூரில் நீங்கள் பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வரப்போகும் தாத்தா. முகவரியை ஒருவேளை மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். அடுத்த முறை புதுப்பிக்கும்போது தேவையில்லை என்று எழுதினால், 18ஆவது பிரிவில் மேல்முறையீடு செய்யலாம் என்பதைத் தவிர உங்களிடம் சொல்ல அதிகம் இருக்காது. பள்ளிக்கூட வளாகம், திருவிழா, சாமி ஊர்வலம், கூட்டம் கூடும் இடம் இங்கெல்லாம் தனி அனுமதி இல்லாமல் எடுத்துப்போகக் கூடாது என்பதும் லைசென்ஸ் நிபந்தனைதான். ஆக, அங்கே அது பெட்டிக்குள்ளேயேதான் கிடக்கும்.

அதனால் என்னைக் கேட்டால், துப்பாக்கியைப் புனலூருக்குக் கொண்டுபோகவே வேண்டாம். தேவை ஆலங்குளத்தில்தான் இருக்கிறது, ஆலையில் உட்கார்ந்திருப்பது மகன். இதற்கு விதியிலேயே வழி உண்டு. லைசென்ஸ்தாரர் 70 வயதை எட்டினாலோ, துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, இவற்றில் எது முதலில் வருகிறதோ அப்போது, தான் உயிரோடு இருக்கும்போதே சட்டப்படியான வாரிசு ஒருவரைக் காட்டி அவர் பெயருக்கு லைசென்ஸ் கேட்கலாம். உங்களுக்கு 71. கதவு திறந்துதான் இருக்கிறது. இது அப்பா பெயரை அடித்துவிட்டு மகன் பெயரை எழுதும் வேலை இல்லை. மகனுக்குப் புது லைசென்ஸ். 21 வயது முடிந்திருக்க வேண்டும், போலீஸ் அறிக்கை சாதகமாக வர வேண்டும், ஆயுதத்தைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சிச் சான்றிதழும் வேண்டும். மகளிடமிருந்து ஆட்சேபணை இல்லை என்று ஒரு கடிதம் இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கேட்பார்கள். ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிக்கு மேல் கூடாது என்பது வாரிசு வழியில் வருவதற்கும் பொருந்தும். மகனிடம் ஏற்கெனவே இரண்டு இருந்தால் இந்த வழி அடைபட்டுவிடும்.

இந்த வழியில் போவதென்றால் விண்ணப்பம் தென்காசியில். உங்கள் லைசென்ஸ் உயிரோடு இருக்கும்போதே கொடுப்பது நல்லது, அதனால் புதுப்பிக்கும் வேலையை இதற்காகத் தள்ளிப்போடாதீர்கள்.

மகனுக்கு வேண்டாமாம் என்றால் விற்றுவிடலாம். வாங்குகிறவரிடம் அதே வகைத் துப்பாக்கிக்கான லைசென்ஸ் இருக்க வேண்டும். விற்கப்போவதை மாவட்ட அதிகாரிக்கோ பக்கத்துப் போலீஸ் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து, அதற்குப் பிறகு 45 நாள் கழிந்த பின்தான் கைமாற்றலாம். அனுமதி பெற்ற கடைக்காரரிடமே கொடுத்துவிட்டால் தலைவலி குறைவு, விலையும் குறைவு.

இல்லை, எனக்குப் புனலூரிலும் வேண்டும், அங்கே ரப்பர் தோட்டம் வாங்கியிருக்கிறேன், கூலிப் பணம் கையாளுகிறேன் என்றால் அது வேறு விஷயம். அந்தக் காரணத்தைச் சான்றோடு எழுதி, கேரளத்துக்கும் செல்லும்படி எல்லையை விரித்துக் கேளுங்கள். இந்தியா முழுவதற்கும் என்று கேட்டால் கோப்பு பெரும்பாலும் மாநில அரசு வரை போகும், நாளாகும். ரிவால்வரைக் காட்டச் சொல்லிக் கொல்லத்தில் அழைத்தால், எடுத்துவர எழுத்தில் அனுமதி வாங்கிய பிறகே டெபாசிட்டிலிருந்து எடுங்கள். வரும்போது தோட்டாவைக் கழற்றித் தனிப் பெட்டியில் வையுங்கள்.

மலையடிவாரத்துக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கடையம், சிவகிரி பக்கம் காட்டுப்பன்றிக்காகப் பயிர்ப் பாதுகாப்புத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு முகவரி மாற்றக் கிளம்ப வேண்டாம். அந்த லைசென்ஸ் வயலுக்காகக் கொடுத்தது. வயல் இங்கேயே இருக்க, துப்பாக்கி மட்டும் ஊர் மாற முடியாது.

டெபாசிட் ரசீதைப் பற்றி ஒன்று அண்ணாச்சி. வாங்கும்போதே நின்று படித்துப் பாருங்கள். தயாரிப்பு, வகை, ரிவால்வரின் எண், தோட்டா எத்தனை, தேதி, முத்திரை, எல்லாம் இருக்க வேண்டும். தோட்டா எண்ணிக்கை உங்கள் புத்தகத்தில் கடைக்காரர் போட்ட கொள்முதல் கணக்கோடு ஒத்துப்போக வேண்டும். சுட்டது போக மீதி இவ்வளவு என்று சொல்ல முடியாமல் ஒன்றிரண்டு குறைந்தால், அதை டெபாசிட் செய்யும் அன்றே எழுதிக் கொடுத்துவிடுங்கள். இரண்டு வருஷம் கழித்துக் கொல்லத்து அலுவலகத்தில் கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.