'7,8/57' முத்திரையுள்ள மவுசர்: எந்தத் தோட்டா போடுவது?

கேள்வி: ஜெர்மனியில் ஏலத்துக்கு வந்துள்ள மவுசர் வேட்டைத் துப்பாக்கியை '8 மி.மீ.' என்று மட்டும் பட்டியலில் போட்டிருக்கிறார்கள். குழலில் கிரீடத்தின் கீழ் பி (B), யு (U), ஜி (G), என் (N) எழுத்துகள், '7,8/57', '3.28' ஆகியவை உள்ளன. இன்று கடையில் கிடைக்கும் 8×57 ஐஎஸ் (IS) தோட்டா பொருந்துமா?

பதில்: குழலை அளக்காமல் போடவே கூடாது. பி என்றால் சுட்டுச் சோதித்தது, யு பரிசோதித்தது, ஜி வரிக்குழல் (உள்ளே சுருள் பள்ளங்கள் வெட்டியது), என் புகையில்லா மருந்துக்குச் சோதித்தது. '3.28' என்பது 1928 மார்ச். இதுவரை சிக்கல் இல்லை.

சிக்கல் '7,8/57'இல்தான். 57 தோட்டாக் கூட்டின் நீளம், மி.மீ.இல். 7,8 (அதாவது 7.8 மி.மீ.) என்பது குழலுக்குள் வரிமேடுகளுக்கு, அதாவது பள்ளங்களுக்கு நடுவே உயர்ந்து நிற்கும் பகுதிகளுக்கு, இடையிலான விட்டம். குண்டு இறுக வேண்டியதோ வரிப்பள்ளத்தில். 8×57இல் இரண்டு வகை உண்டு: மெல்லிய குண்டுள்ள பழைய ஐ (I), தடித்த குண்டுள்ள ஐஎஸ். ஐ வகைக் குழலில் பள்ளங்களுக்கு இடையிலான விட்டம் சுமார் 8.07 மி.மீ., ஐஎஸ் வகையில் சுமார் 8.20. இரண்டுக்கும் கூடு ஏறக்குறைய ஒன்றே என்பதால், தடித்த குண்டுள்ள தோட்டாவும் பல துப்பாக்கிகளில் தடையில்லாமல் உள்ளே போய்விடும். சுடும்போது அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும். '7,8' இருந்தால் பெரும்பாலும் ஐ வகைதான், ஆனால் பிற்காலத்தில் குழலை மாற்றியிருக்கலாம். அப்படி மாற்றியிருந்தால் இன்னொரு சோதனைத் தேதி இருக்க வேண்டும். முத்திரைகள் பல நேரம் மரக்கட்டைக்கு அடியில் மறைந்திருக்கும். கட்டையைக் கழற்றி எடுத்த படம் கேளுங்கள். தர மறுத்தால் ஏலம் கேட்காதீர்கள்.

அளப்பது எளிது. துப்பாக்கி காலி என்று உறுதிசெய்து, போல்ட்டைக் கழற்றி, குழலுக்கு எண்ணெய் பூசுங்கள். குழலைவிடச் சற்றுப் பெரிய சுத்த ஈயத் துண்டை வாய்ப்பக்கமிருந்து பித்தளைக் கம்பியால் தட்டி வெளியே எடுங்கள். ஈயத்தில் புடைத்திருக்கும் பகுதிதான் குழலின் பள்ளம். எதிரெதிர்ப் புடைப்புகளை மைக்ரோமீட்டரால் அளங்கள். வெர்னியர் போதாது, வித்தியாசமே 0.13 மி.மீ.தான். 8.07 பக்கம் வந்தால் ஐ தோட்டா மட்டும். 'ஐ' என்ற எழுத்து பழைய அச்சில் 'ஜே' (J) போலத் தெரியும், ஏமாறாதீர்கள். அளவு இரண்டுக்கும் நடுவில் நின்றால் உரிமம் பெற்ற துப்பாக்கிப் பணிமனையில் காட்டுங்கள்.

கேள்வி: இன்னொரு பழைய ஜெர்மன் துப்பாக்கியில் '172,28' என்று இருக்கிறது. அது என்ன காலிபர் (தோட்டா அளவு)?

பதில்: காலிபரே இல்லை. ஒரு பவுண்டு ஈயத்தில் குழல் அளவுக்கு எத்தனை உருண்டை வார்க்கலாம் என்ற கணக்கு அது. 172,28 என்றால் குழல் விட்டம் 7.62 மி.மீ. கூட்டின் நீளத்தை அது சொல்லாது. தோட்டா அமரும் அறையை அச்சு வார்த்து அளந்து பார்க்காமல் தோட்டா வாங்காதீர்கள்.