சுன் டூ ஹ்வான்: இரண்டு ஆண்டுகளும் சரிதான்

தென் கொரியாவின் முன்னாள் ராணுவ ஆட்சியாளர் சுன் டூ ஹ்வானுக்கு 1996இல் மரண தண்டனை விதிப்பு, 2021இல் வீட்டில் மரணம்; இரண்டும் முரணாகத் தெரிவதால் கட்டுரையில் எதை அடிப்பது என்று கேட்டிருந்தீர்கள். எதையும் அடிக்க வேண்டாம், இரண்டுமே சரி.

1979 டிசம்பர் 12 இரவு ராணுவத்தைத் தன் பிடிக்குள் கொண்டுவந்தார். 1980 மே மாதம் குவாங்ஜு நகரில் ஜனநாயகம் கேட்டுப் போராடிய மக்களைச் சுட்டுக் கொன்றது அந்த ராணுவம்தான். இதைத் தயவுசெய்து சுருக்கிவிடாதீர்கள், வழக்கின் உயிரே இங்கேதான் இருக்கிறது. 1995 ஜூலையில் அரசு வழக்கறிஞர்கள் இதற்காக அவர்மீது வழக்குத் தொடர மறுத்தார்கள். மக்கள் கொதித்தெழுந்தார்கள், டிசம்பரில் வழக்குத் தொடர வழிசெய்யும் தனிச் சட்டமே வந்தது. 1996இல் மரண தண்டனைத் தீர்ப்பன்று சிறை உடையில் அவரும், அவருடைய கூட்டாளியும் அவருக்குப் பின் அதிபராக இருந்தவருமான ரோ டே வூவும் கைகோத்து நின்றார்கள். மேல்முறையீட்டில் தண்டனை ஆயுளாகக் குறைந்தது, 1997 டிசம்பரில் அரசு மன்னித்து விடுவித்தது. அவரோ குவாங்ஜு மக்களிடம் கடைசிவரை மன்னிப்புக் கேட்கவில்லை. அதையும் எழுதுங்கள்.