வாங்கி விற்பவருக்குப் பொறுப்பில்லையா? வாசகர் கேள்விகள்

கே: எல்லா ஊசிக்கும் பொருந்தும் மல்டி பிளக்கை வெளிநாட்டுத் தளத்தில் எடுத்து முகப்புத்தகத்தில் விற்கிறேன். பிரச்சினை வருமா? (கோண்டாவில்)

வரும். நம் இலங்கையின் தரம் 13 ஆம்பியர் சதுர ஊசி. எல்லா ஊசியையும் ஏற்கும் துளை எதையும் இறுக்கிப் பிடிக்காது. தளர்ந்த இடம் சூடேறி உருகும். நிறுத்துங்கள்.

கே: சுவிஸ் மாமா கொண்டுவந்த மாத்திரைகள் மிஞ்சிவிட்டன. திகதி முடியவில்லை. விற்கலாமா? (நல்லூர்)

கூடாது. மருந்து விற்க உரிமம் உள்ள மருந்தகம் வேண்டும்.

கே: முகம் வெளுக்கும் கிறீம் ஒன்றை மொத்தமாக எடுத்து இணையத்தில் விற்கிறேன். 200 பேர்வரை வாங்கிவிட்டார்கள், ஒருவரும் குறை சொல்லவில்லை. நான் தயாரிக்கவில்லையே, வாங்கித்தானே விற்கிறேன்? (சுன்னாகம்)

தங்கைச்சி, நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இறக்குமதியாளர் பெயர் இல்லை, தொகுதி இலக்கம் இல்லை, உள்ளே என்ன இருக்கிறது என்றும் இல்லை. பற்றுச்சீட்டு இல்லாமல் வாங்கியதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அந்த டப்பாவுக்குப் பொறுப்பாளி என்று நாட்டில் இருப்பவர் நீங்கள் ஒருவர்தான்.

ஒரு கிழமையில் முகம் வெளுக்கிறது என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது பாதரசத்தை. தோலில் கருநிறம் உண்டாவதை அது தடுக்கிறது, நிறுத்தினால் நிறம் திரும்பிவிடும். ஆனால் உள்ளே போனது சிறுநீரகத்தைத் தாக்கும். கிறீம்களில் பாதரசம் ஒரு பிபிஎம்மை, அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்றுதான் பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச மினமாட்டா உடன்படிக்கை முதலில் சொன்னது. 2025 உடன் அந்தச் சலுகையும் போய்விட்டது, இப்போது பாதரசம் சேர்க்கவே கூடாது. சந்தையில் சோதித்த சில கிறீம்களிலோ ஆயிரக்கணக்கான பிபிஎம் இருந்திருக்கிறது.

ஒருவரும் குறை சொல்லவில்லை என்கிறீர்கள். எப்படிச் சொல்வார்கள்? கால் வீங்கும், சிறுநீர் நுரைக்கும். அதையும் முகத்துக்குப் பூசியதையும் யார் சேர்த்துப் பார்ப்பார்கள்? கேரளத்தில் மலப்புறம் மாவட்ட மருத்துவர்கள் சேர்த்துப் பார்த்தார்கள். 2021 முதல் 2023 வரை அவர்களிடம் ஒரே வகைச் சிறுநீரக நோயோடு வந்த 15 பேரில் 13 பேர் வெளுக்கும் கிறீம் பூசியவர்கள். என் உறவுப் பெண் ஒருத்தியும் கலியாணத்துக்கு இரண்டு மாதம் இருக்கும்போது இணையத்தில் வாங்கிய கிறீமைப் பூசி, கால் வீங்கி வைத்தியசாலையில் படுத்தாள். விற்றவரிடம் கேட்டபோது அவரும் உங்களைப்போல, வாங்கித்தான் விற்றேன் என்றார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

மிச்சத்தை விற்காதீர்கள். வாங்கிய 200 பேருக்கும் இன்றே செய்தி அனுப்புங்கள். வயிற்றில் பிள்ளையோடு இருப்பவர்களுக்கு முதலில்.

கே: இந்தியாவிலிருந்து கடலால் வரும் தோட்ட மருந்து பாதி விலை. வட்ஸ்அப்பில் போட்டு விற்கலாமா? (வடமராட்சி)

மருந்தின் பெயரும் எழுதவில்லை, படமும் இல்லை. இப்படிக் கேட்டால் என்ன சொல்வது? பெயர் எதுவானாலும் கூடாது. 1980 ஆம் ஆண்டுச் சட்டப்படி பீடைகொல்லிப் பதிவாளரிடம் பதியாத மருந்தை இங்கே விற்க முடியாது. உதாரணத்துக்கு, பரகுவாட் களைகொல்லியை நம் நாடு தடைசெய்து பத்துப் பதினைந்து வருடமாகிறது, அக்கரையில் இன்னும் விற்கிறார்கள். உடலுக்குள் போனால் அதற்கு முறிமருந்து கிடையாது. திரும்பவும் சொல்கிறேன், லேபலில் பெயரும் முகவரியும் தொகுதி இலக்கமும் இல்லாத எதையும் தொடாதீர்கள்.

கே: அக்கா கனடாவில் இருக்கிறார். பிள்ளை பாவித்த வோக்கரை இணையத்தில் விற்கப் போட்டாராம், எடுத்துவிட்டார்களாம். ஏன்? (மானிப்பாய்)

பிள்ளையை உள்ளே இருத்தும் சில்லு வைத்த வோக்கரைக் கனடா 2004 இல் தடைசெய்தது. பழையதையும் விற்க முடியாது, சும்மா கொடுக்கவும் முடியாது. படியில் உருண்டுவிடும், எட்டாத அடுப்புக்கும் கை எட்டும். பிள்ளை பிடித்துத் தள்ளும் நம் மர நடைவண்டி வேறு, அது இந்தத் தடைக்குள் வராது. உடைத்துவிட்டு எறியச் சொல்லுங்கள். இங்கே அனுப்ப வேண்டாம்.

கே: வாங்கி ஏமாந்துவிட்டேன். எங்கே முறையிடுவது? பார்சல் உறையை எறிந்துவிட்டேன். (சாவகச்சேரி)

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 ஐ அழையுங்கள். விற்றவரின் பக்கத்தையும் அவர் எழுதியவற்றையும் இப்போதே ஸ்கிரீன்ஷொட் எடுங்கள், நாளைக்கு அழித்துவிடுவார். உறையில்தான் அனுப்பியவரின் பெயர் இருந்திருக்கும். குப்பை வண்டி வரவில்லையென்றால் போய்த் தேடி எடுங்கள்.