தீபாவளிக்கு எவ்வளவு செய்வது?

மதிப்புக்குரிய ஐயா,

மலையகத்தில் தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஆசிரியையாக இருக்கிறேன். வீட்டில் நான்தான் மூத்தவள். எனக்குக் கீழே ஒரு தம்பி, இரண்டு தங்கைகள். தம்பியும் அவன் மனைவியும் தோட்டத்தில் வேலை செய்கிறார்கள். ஒரு தங்கை கொழும்பில் புடவைக்கடையில் வேலை பார்க்கிறாள். மற்றவள் கல்யாணமாகி மஸ்கெலியாவில் இருக்கிறாள். நான் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து தீபாவளிக்கு எல்லோருக்கும் உடுப்பு எடுப்பது நான்தான். அப்போது ஆட்கள் குறைவு. இப்போது பிள்ளைகள், மாப்பிள்ளை, சம்பந்தி வீட்டார் என்று 16 பேர். போன தீபாவளிக்குச் சங்கிலியை அடகு வைத்தேன். மீட்பதற்குச் சித்திரை ஆகிவிட்டது. இந்த வருடம் ஒரு தொகையை முடிவு செய்து அதோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறார் கணவர். அம்மாவோ, "மூத்தவள் செய்யாமல் யார் செய்வது? நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்று அழுகிறார். கூடப் படிப்பிக்கும் தோழிகளுக்குக் கொடுப்பது வேறு இருக்கிறது. அன்புக்குக் கணக்குப் பார்க்கிறோமே என்று எனக்கும் உறுத்துகிறது. என்ன செய்யலாம்? பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கணவர் சொல்வது சரி. அவர் உங்கள் வீட்டுக் கையிருப்பை நினைத்துச் சொல்கிறார். நான் உங்கள் தம்பி வீட்டை நினைத்து அதையே சொல்கிறேன்.

தம்பி வீட்டுச் சம்பளத் துண்டை ஒரு தடவை வாங்கிப் பாருங்கள். 2024 செப்டம்பரில் நிர்ணயித்த 1350 ரூபா நாட்சம்பளத்தையே வைத்துக்கொள்வோம். மாதத்தில் 25 நாள் பெயர் விழுந்தால், அதாவது முழுநாள் வேலையாகப் பதிவானால், ஒருவருக்கு 33,750 ரூபா. அதில் ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதம், 2,700 ரூபா, முதலிலேயே போய்விடும். சங்கச் சந்தா, கோயில் பணம் என்று வரிசையாகக் கழித்துக்கொண்டு வந்தால் கடைசியில் தீபாவளி முற்பணத்தின் தவணை நிற்கும். முற்பணம் கைக்கு வரும் அன்று பெரிய காசாகத் தெரிகிறது. அது தம்பி இனிமேல் உழைக்கப்போகிற காசு என்பது அடுத்த சம்பளத்தில்தான் உறைக்கும். மழை பிடித்து, கொழுந்து குறைந்து, அரைநாள் சம்பளமாக அரைப் பெயர் விழுகிற மாதத்திலும் தவணையைப் பிடிப்பார்கள்.

அந்த வீட்டுக்குத்தான் நீங்கள் 7,000 ரூபாவுக்கு ஒரு சேலை எடுத்துக்கொண்டு போகிறீர்கள். நம் ஆட்களுக்கு வாங்கிவிட்டுச் சும்மா இருந்து பழக்கமில்லை. மொய் நோட்டில் எழுதியதற்கும் திருப்பிச் செய்வோம், எழுதாததற்கும் செய்வோம். உங்கள் தம்பி மனைவி அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு சிரித்தாலும், நாத்தனார் பிள்ளைக்கு இதற்கு ஈடாக என்ன எடுப்பது என்ற யோசனை அன்றைக்கே தொடங்கிவிடும்.

தீபாவளிக்கு முந்திய வாரம் ஹட்டனில் ஒரு புடவைக்கடைக்குள் இதைக் கண்ணால் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் கொழுந்துக் கறை படிந்த ஓர் அம்மா இரண்டு கவுன்களை மேசையில் விரித்து வைத்திருந்தார். ஒன்று அவருடைய மகளுக்கு. அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, தையலை இழுத்துப் பார்த்து, அடுத்த தீபாவளிக்கும் போடலாம் என்று ஓர் அளவு பெரிதாகக் கேட்டு, விலையையும் குறைத்தார். மற்றது நாத்தனார் மகளுக்கு. அது இதைப்போல இரண்டு மடங்கு விலை. அதன் விலையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பக்கத்தில் நின்ற மகள் தன் கவுனைப் பார்க்காமல் அந்தக் கவுனையே தடவிக்கொண்டிருந்தாள். நாத்தனார் இதைக் கேட்டிருக்கவே மாட்டார். முந்தின வருடம் அவர் ஆசையாக ஏதோ பெரிதாகக் கொடுத்திருப்பார், அவ்வளவுதான்.

ஆகவே எல்லையை உங்கள் சம்பளத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். திருப்பிச் செய்யவேண்டியவர்களில் யாருடைய வருமானம் ஆகக் குறைவோ, அவர் கடன்படாமல் எவ்வளவு செய்ய முடியுமோ அதுதான் உங்கள் குடும்பத்தின் அளவு. அதற்கு மேல் உங்களால் முடிந்தாலும் தீபாவளியன்று எல்லோர் முன்னாலும் செய்ய வேண்டாம். மனம் கேட்காவிட்டால் தை மாதம் அந்தப் பிள்ளைகளின் பாடசாலைச் செலவில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்ளுங்கள். கொப்பி, சப்பாத்து, புத்தகப் பை, வான் காசு எல்லாம் தம்பியின் தலையில் விழுவது அப்போதுதான். ஓர் ஆசிரியைக்கு அந்த மாதத்தைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

இனி தொகை. பலரும் ஆளுக்கு இவ்வளவு என்று தொடங்கிக் கடைசியில் கூட்டிப் பார்க்கிறார்கள். அப்படிச் செய்தால் கூட்டுத்தொகைதான் உங்களை ஆளும். மொத்தத்தை முதலில் எழுதுங்கள். மார்கழி, தை மாதங்களுக்குத் தேவையானதை எடுத்து வைத்த பிறகு, அடகோ கடனோ இல்லாமல் கையில் எவ்வளவு மிஞ்சும்? உங்களுக்குக் கிடைக்கும் அரசாங்கப் பண்டிகை முற்பணத்தை இதில் சேர்க்காதீர்கள். அதையும் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளத்தான் போகிறார்கள். அந்த மொத்தத்துக்குள் பட்டாசு, இனிப்புப் பெட்டி, கடைசி நாளில் ஓடிப்போய் வாங்கும் பிளாஸ்டிக் விளையாட்டுச் சாமான் எல்லாம் அடங்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் கணக்கு உடைவது சேலையில் அல்ல, இந்தச் சில்லறைச் சாமான்களில்தான்.

உங்கள் பட்டியல் பழைய பட்டியல் என்பதையும் யோசியுங்கள். 2022 செப்டம்பரில் இலங்கையின் பணவீக்கம் ஏறக்குறைய 70 சதவீதத்துக்குப் போனது. பிறகு வேகம் தணிந்தது, ஏறிய விலை இறங்கி வரவில்லை. 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரியும் (வற்) 15 சதவீதத்திலிருந்து 18 சதவீதம் ஆனது. இதற்கிடையில் உங்கள் பட்டியலில் பெயர்கள் மட்டும் கூடிக்கொண்டே வந்திருக்கின்றன. 16 பேருக்கும் உடுப்பு என்ற வழக்கத்தை ஓர் ஆசிரியையின் சம்பளம் தாங்காததில் உங்கள் குறை எதுவும் இல்லை.

என்னிடம் கேட்டால் இப்படிச் செய்யச் சொல்வேன். அம்மாவுக்கு ஒரு நல்ல சேலை. அதில் குறைக்க வேண்டாம். பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே தொகை, உதாரணமாக 2,500 ரூபா. தம்பி பிள்ளை, தங்கை பிள்ளை என்ற வித்தியாசம் கூடவே கூடாது, பிள்ளைகள் விலையை மணந்துபிடித்துவிடுவார்கள். பெரியவர்கள் ஒருவருக்கொருவர் உடுப்பு எடுப்பதை நிறுத்திவிடுங்கள். சம்பந்தி வீட்டுக்கு ஒரு பலகாரத் தட்டு, அந்த வீட்டுக்கு முழுவதுமாக ஒன்று. இரண்டாவது தங்கைக்கு அது தலைத்தீபாவளி என்றால் அந்த ஒரு வருடம் மட்டும் விதிவிலக்கு. அந்தச் செலவை மூன்று பேரும் பங்கு போடுங்கள். கொழும்புத் தங்கையிடம் புரட்டாசியிலேயே காசைக் கொடுத்துப் பிள்ளைகளின் அளவுகளையும் அனுப்பிவிட்டால், அவள் அங்கே புறக்கோட்டைக் கடைகளில் நிதானமாகப் பார்த்து எடுப்பாள். தம்பி மனைவியின் பங்காக முறுக்கும் அதிரசமும் சுடும் வேலை இருக்கட்டும். கேட்டால் சந்தோஷமாகச் செய்வார். எல்லோரும் கூடிச் சாப்பிடப்போவது அவர் சுட்டதைத்தானே.

தோழிகள் விஷயத்துக்கு உங்கள் பாடசாலையிலேயே வழி இருக்கும். மார்கழியில் நத்தாரையொட்டி நடக்கும் ஒளி விழாவின்போது பல பாடசாலைகளில் ஆசிரியர்கள் பெயர்களைச் சீட்டில் எழுதிக் குலுக்கி, ஆளுக்கு ஒருவருக்கு மட்டும், சொன்ன தொகைக்குள் பரிசு வாங்குகிறார்கள். அங்கே தொகையைச் சொல்லிவிட்டதால் யாரும் யாரையும் கஞ்சம் என்று நினைப்பதில்லை. தீபாவளிக்கும் அப்படியே செய்யலாம், அல்லது ஒளி விழாவோடு நிறுத்திக்கொள்ளலாம். லயத்துப் பக்கத்து வீடுகளுக்கு வழக்கம்போலப் பலகாரம் போகட்டும். அந்தத் தட்டைக் கடைப் பெட்டியாக மாற்றிவிடாதீர்கள். பெட்டிக்கு விலை தெரியும். தட்டுக்கு யாரும் விலை பார்ப்பதில்லை.

இதையெல்லாம் எப்போது, யார் சொல்வது என்பதில்தான் பாதிக் காரியம் இருக்கிறது. நீங்கள்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகமாகச் செய்பவர் நீங்கள். தம்பி சொன்னால் இல்லாமையைச் சொன்னதாகிவிடும். ஆவணி மாதத்திலேயே, யாரும் துணி எடுக்கத் தொடங்கும் முன்பே சொல்லுங்கள். குடும்ப வட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். எழுதிப் போட்டால் உத்தரவு மாதிரி இருக்கும், மாப்பிள்ளைக்கு ஒரு மாதிரிப் புரியும், சம்பந்திக்கு வேறு மாதிரிப் போய்ச் சேரும். முதலில் தம்பி மனைவியிடம் நேரில் பேசுங்கள். "இந்த வருடத்திலிருந்து பிள்ளைகளுக்கு மட்டும் எடுப்போம், 2,500 ரூபாவுக்குள் எடுப்போம், நீயும் அதற்கு மேல் என் பிள்ளைகளுக்கு எடுக்காதே" என்று உரிமையோடு சொல்லுங்கள். அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அது அவருக்கு எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை முகத்திலேயே பார்ப்பீர்கள். அவர் சம்மதித்த பிறகு தங்கைகளிடம் போனில் பேசினால் போதும்.

அம்மாவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவர் அழுவது உடுப்புக்காக இல்லை என்று நினைக்கிறேன். தோட்டத்தில் கூடை சுமந்து படிக்கவைத்த மகள் அரசாங்கச் சம்பளம் வாங்குகிறாள் என்பதை ஊர் பார்க்க அவருக்கு இருக்கிற ஒரே நாள் தீபாவளி. அந்தப் பெருமையை அவரிடமிருந்து பிடுங்கிவிடக் கூடாது. பிள்ளைகளின் உடுப்புகளையெல்லாம் முதல்நாளே கொண்டுபோய் அவர் கையில் கொடுத்துவிடுங்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் மஞ்சள் தடவி அவரே எடுத்துக் கொடுக்கட்டும். யார் எடுத்தது, எவ்வளவுக்கு எடுத்தது என்ற பேச்சும் அதோடு போய்விடும். சங்கிலி அடகுக்குப் போன கதையையும் அவரிடம் சொல்லிவிடுங்கள். அநேகமாக அவருக்கு அது தெரிந்திருக்காது. தெரிந்தால் உங்கள் கணவருக்கு முந்தி அவரே உங்களைத் தடுப்பார்.

தம்பி மனைவியிடம் பேசிய பிறகு ஒரு வரி எழுதுங்கள். இதே கேள்வியோடு வந்த வேறு கடிதங்களும் என்னிடம் இருக்கின்றன, அவர்களுக்கும் உதவும்.